லண்டனுக்கு அடியில் கிடக்கும் ரோமானிய ஊரை ஒரு சனிக்கிழமையில் பார்ப்பது எப்படி?

லண்டனுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ என்று ஒரு ரவுண்டு அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ரோமானியர் காலத்து இடிபாடு பார்க்க வேண்டுமென்றால் இத்தாலிக்குத்தான் டிக்கெட் போடவேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் லண்டனை ஓர் ஊராக உண்டாக்கியதே ரோமானியர்கள்தான். கி.பி. 43இல் படையோடு வந்து இறங்கினார்கள், அடுத்த ஏழெட்டு வருடத்துக்குள் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் லண்டினியம் என்ற வியாபார ஊர் முளைத்துவிட்டது, ஏறக்குறைய 410 வரை அவர்கள் ஆட்சிதான். அந்த ஊர் எங்கே போயிற்று என்றால் எங்கேயும் போகவில்லை, இன்றைக்கு வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் நிற்கிற 'சிட்டி' பகுதிக்கு அடியில்தான் கிடக்கிறது.

ரோமின் கொலோசியம் மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவீர்கள். இங்கே கிடைப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான்: ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் ஒரு சுவர், ஓர் ஆபீஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு குளியலறை, ஒரு கார் பார்க்கிங்கில் இன்னொரு சுவர். எனக்கு ரோமைவிட இதுதான் பிடிக்கும். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலிக்குள் போய்ப் பார்ப்பதை இங்கே சாண்ட்விச்சைக் கடித்தபடி தொட்டுப் பார்க்கிற தூரத்தில் பார்க்கலாம். (தொடவேண்டாம். தூரம் எவ்வளவு என்பதற்காகச் சொன்னேன்.)

ஏன் எல்லாமே பள்ளத்தில் இருக்கிறது என்று வழியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நம் ஊரில் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் வீடு தெருவைவிடத் தாழ்ந்துபோகிறதே, அதே சங்கதிதான். இடிந்ததை அள்ளிக் கொட்டாமல் அப்படியே நிரவிவிட்டு மேலே கட்டிக்கொண்டே வந்தார்கள். இரண்டாயிரம் வருடம் இப்படியே போனதில், சில இடங்களில் ரோமானியத் தரை இன்றைய தெருவிலிருந்து 7 மீட்டர் கீழே போய்விட்டது.

போகும் முன் செய்யவேண்டியவை

நாள்: சனிக்கிழமை. இதில் பேரம் இல்லை. பில்லிங்ஸ்கேட் குளியலகம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதை ஏப்ரல் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில்தான், அதுவும் வழிகாட்டியோடுதான் காட்டுகிறார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, முன்பதிவும் வேண்டும், இடமும் கொஞ்சம்தான். ஆகவே முதலில் அதற்கு எந்த நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள், மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் வருகிறவர்கள் அந்த ஒன்றை விட்டுவிட்டு மீதியைப் பார்க்கவேண்டியதுதான்.

அடுத்து மித்ரேயம், அதாவது மித்ரஸ் என்ற தெய்வத்துக்கு ரோமானியர் கட்டிய கோயில். இது இலவசம், ஆனாலும் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. திங்கட்கிழமை மூடியிருக்கும். வைன் ஸ்ட்ரீட்டில் இருக்கிற ரோமானிய நகரச் சுவர்க் காட்சிக்கூடமும் இலவசம், அதற்கும் ஒரு முன்பதிவு போட்டுவிடுங்கள். ரோமானிய அரங்கத்தின் மிச்சம் அடியில் இருக்கிற கில்ட்ஹால் கலைக்கூடத்துக்கு அப்படியே நடந்து போகலாம், ஆனால் அங்கே சில நாட்களில் விழா நடக்கும், அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள், ஆகவே கிளம்பும் முன் அவர்களுடைய தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டிக்கெட்டையெல்லாம் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதி இடங்கள் நிலவறை, சிக்னல் இருக்குமென்று நம்பமுடியாது.

பழைய வழிகாட்டிப் புத்தகம் யாராவது கொடுத்தால் அதில் "லண்டன் வால் தெருவிலுள்ள மியூசியத்தில் தொடங்குங்கள்" என்று எழுதியிருக்கும். போகாதீர்கள். அந்த மியூசியம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது, ஸ்மித்ஃபீல்ட் பழைய சந்தைக் கட்டடத்துக்கு இடம் மாறுகிறது. நீங்கள் வரும்போது புதிய இடம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திறந்திருந்தால் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

சாப்பாடு: சிட்டி என்பது ஆபீஸ் பேட்டை. வாரநாளில் மதியம் நிற்க இடமில்லாத சாண்ட்விச் கடைகள் சனி ஞாயிறில் ஷட்டர் போட்டிருக்கும். கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் பாட்டிலும். அந்தக் காலியான தெருக்கள்தான் சனிக்கிழமையின் இன்னொரு லாபம், நின்று நிதானமாகப் பார்க்கலாம், யாரும் இடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

டியூப் ரயிலுக்குத் தனியாக டிக்கெட் வாங்கவேண்டியதில்லை. கான்டாக்ட்லெஸ் கார்டையோ போனையோ ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் போதும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஏறும்போது எதைத் தட்டினீர்களோ இறங்கும்போதும் அதையேதான் தட்டவேண்டும். கார்டில் ஏறி போனில் இறங்கினால் இரண்டு பயணமாகக் கணக்காகி இரண்டிலும் கூடுதலாகப் பிடித்துவிடும். மொத்த நடை நாலைந்து கிலோமீட்டர் வரும், நல்ல ஷூ, மழைக்கு ஒரு ஜாக்கெட். அவ்வளவுதான்.

முதல் நிறுத்தம்: டவர் ஹில்

டிஸ்ட்ரிக்ட் அல்லது சர்க்கிள் லைனில் டவர் ஹில் நிலையத்தில் இறங்குங்கள். எல்லோரும் டவர் ஆஃப் லண்டன் கோட்டையைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள், நீங்கள் ஓடவேண்டாம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் தோட்டம், அதில் ஒரு வெண்கலச் சிலை, சிலைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கிறது லண்டினியத்தின் நகரச் சுவர். சிலை பேரரசர் ட்ராஜனுடையது என்கிறார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் அது 20ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து வைத்தது, ட்ராஜனுக்கும் இந்தச் சுவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை: அவர் 117இல் இறந்தார், சுவர் கட்டியது கி.பி. 200ஐ ஒட்டி.

இங்கே கொஞ்ச நேரம் செலவழியுங்கள். இந்தச் சுவரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மீதி நாள் முழுக்க அது உதவும்.

சுவர் இன்று கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரம் நிற்கிறது, ஆனால் முழுவதும் ரோமானியருடையது அல்ல. கீழிருந்து நாலு மீட்டர் சொச்சம்தான் அவர்களுடையது. எப்படிக் கண்டுபிடிப்பது? அடியிலிருந்து பாருங்கள். கையடக்கமான சதுரக் கற்கள், சாம்பல் நிறத்தில், வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். நாலைந்து வரிசை கல், அதன்மேல் தட்டையான சிவப்பு ஓடுகள் இரண்டு மூன்று வரிசை, மறுபடி கல், மறுபடி ஓடு. அந்தச் சிவப்புக் கோடு அழகுக்குப் போட்டதல்ல. சுவரின் உட்பக்கம் வெறும் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான், அதை அப்படியே விட்டால் முகப்புக்கல் பிதுங்கி வந்துவிடும், அதற்காகத்தான் நடுநடுவே தட்டை ஓடுகளை வைத்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். கண்ணை மெல்ல மேலே கொண்டுபோனால் ஓர் இடத்தில் அந்த ஒழுங்கு நின்றுபோகும், கற்கள் பெரிசும் சிறிசுமாக, சிவப்புக் கோடே இல்லாமல். அங்கிருந்து மேலே இருப்பது இடைக்காலத்தில் ஏற்றிக் கட்டியது. பழைய சுவர் திடமாக இருந்ததால் அடுத்து வந்தவர்கள் அதையே அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் பிழைத்தும் இருக்கிறது.

கல் இந்த ஊர்க் கல்லும் அல்ல. லண்டன் மண் களிமண், கட்டடக் கல் கிடையாது. கென்ட் பக்கம் மெய்ட்ஸ்டோன் அருகிலிருந்து வெட்டி, மெட்வே ஆற்றில் இறக்கி, தேம்ஸ் வழியாகப் படகில் கொண்டுவந்தார்கள். சுமார் 85,000 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1962இல் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுச் சேற்றிலிருந்து ஒரு ரோமானியப் படகு கிடைத்தது, அதில் ஏற்றியிருந்த சரக்கும் இதே கல்தான். கரை சேராத லோடு.

அப்புறம், சுவருக்குப் பக்கத்தில் எழுத்துப் பொறித்த ஒரு பெரிய கல்லறைக் கல்லின் நகல் இருக்கிறது. பார்க்காமல் போய்விடாதீர்கள். ஜூலியஸ் கிளாசிசியானஸ் என்ற நிதி அதிகாரியுடையது, மனைவி ஜூலியா பக்காட்டா வைத்தது. 60-61 வாக்கில் பூடிக்கா என்ற அரசி கிளர்ச்சி செய்து லண்டினியத்தைக் கொளுத்தித் தரைமட்டமாக்கினாள். இன்றும் சிட்டியில் ஆழமாகத் தோண்டினால் அந்தத் தீயின் சிவந்த மண் அடுக்கு தட்டுப்படும். கிளர்ச்சி அடங்கியதும் ஆளுநர் பழிவாங்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் வந்து சேர்ந்த இந்த கிளாசிசியானஸ், இவர் இருக்கும்வரை நாட்டில் அமைதி வராது, ஆளை மாற்றுங்கள் என்று ரோமுக்குச் சொல்லி அனுப்பினார். அப்பேர்ப்பட்ட மனிதரின் கல்லறைக் கல்லைப் பின்னாளில் உடைத்து, நகரச் சுவரின் கொத்தளம் ஒன்றுக்குள் நிரப்புக் கல்லாகப் போட்டுவிட்டார்கள். ஒரு துண்டு 1852இலும் இன்னொரு துண்டு 1935இலும் கிடைத்தது. அசல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

கூப்பர்ஸ் ரோவும் வைன் ஸ்ட்ரீட்டும்

நிலையத்துக்கு வடக்கே கூப்பர்ஸ் ரோ தெருவில் கொஞ்சம் நடந்தால் ஒரு ஹோட்டல் முற்றத்துக்குப் பின்னால் அதே சுவரின் இன்னொரு நீளமான துண்டு. முற்றத்துக்குள் நுழையத் தயங்கவேண்டாம், சுவரைப் பார்க்க வருகிறவர்களை அங்கே யாரும் விரட்டுவதில்லை. கீழே ரோமானிய வரிசைகள், மேலே அம்பு விடுவதற்கான இடைக்காலத் துளைகள். இப்போது உங்களுக்கே எது எந்தக் காலம் என்று தெரியும், கூட வந்தவர்களுக்குச் சொல்லிக் கொஞ்சம் பந்தா காட்டிக்கொள்ளலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் வைன் ஸ்ட்ரீட். 2023இல் திறந்த இடம், மாணவர் விடுதிக் கட்டடம் ஒன்றின் கீழே. சுவரோடு சேர்ந்து ஒரு கொத்தளத்தின் அடிப்பகுதியும் இருக்கிறது. கொத்தளங்களைப் பின்னால், நாலாம் நூற்றாண்டில், கிழக்குப் பக்கச் சுவரோடு ஒட்டவைத்தார்கள், ஊருக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல வெளிச்சம், காபி கிடைக்கும், மழை வந்தால் ஒதுங்கவும் வசதி. அரைமணி நேரம் போதும்.

ஆல் ஹாலோஸ் தேவாலயம்

மறுபடி தெற்கே வந்தால் டவருக்கு எதிரில் ஆல் ஹாலோஸ் பை தி டவர். உள்ளே போய் நிலவறைக்கு இறங்குங்கள். இரண்டாம் நூற்றாண்டு வீடு ஒன்றின் தரை, சின்னச் சின்னச் சிவப்பு ஓட்டுத் துண்டுகளைப் பதித்தது, அது கிடந்த இடத்திலேயே இருக்கிறது. படம் வரைந்த மொசைக் அல்ல, சாதாரணமான வீட்டுத் தரை, யாரோ அன்றாடம் பெருக்கின தரை. மேலே திரும்பி வந்ததும் சாக்ஸன் காலத்து (ரோமானியருக்குப் பின் இங்கே குடியேறியவர்கள்) வளைவு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதைக் கட்டியதும் ரோமானிய ஓடுகளைப் பொறுக்கி எடுத்துத்தான். வழிபாடு நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை காத்திருங்கள். நுழைவுக்குக் காசு கேட்கமாட்டார்கள், உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வரலாம்.

பில்லிங்ஸ்கேட்: இதைத் தவறவிடக்கூடாது

லோயர் தேம்ஸ் ஸ்ட்ரீட் வழியே மேற்கே நடங்கள். லாரி ஓடுகிற, சத்தமான, அழகில்லாத ரோடு. ஆனால் ரோமானியர் காலத்துக் கரையே கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் இருந்தது. ஆறு அப்போது அகலம், பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மண் கொட்டிக் கரையைத் தெற்கே தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள்.

101ஆம் எண் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தோன்றாது, சாதாரண ஆபீஸ். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள், தாமதமானால் குழு கீழே இறங்கிவிடும். 1848இல் நிலக்கரிச் சந்தைக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கூலியாட்கள் கண்டுபிடித்தது இந்த வீடு. ஆற்றைப் பார்த்த வீடு, அதன் முற்றத்தில் மூன்றாம் நூற்றாண்டில் சேர்த்துக் கட்டிய ஒரு குளியலகம். குளிர்ந்த அறை, மிதமான அறை, சூடான அறை என்று ஒவ்வொன்றாகப் போகும் அமைப்பு. தரையைத் தாங்கிக்கொண்டு சதுர ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டைத் தூண்கள் இருக்கும், அடுப்பிலிருந்து வரும் சூடான காற்று அந்தத் தூண்களுக்கிடையே ஓடித் தரையைச் சூடாக்கும். வழிகாட்டி விளக்கைக் காட்டும்போது குனிந்து பாருங்கள், தூண்களின் வரிசை தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இங்கே கிடைத்த ஒரு சின்ன உடை ஊசி. ரோமானியர் போன பிறகு வீடு கைவிடப்பட்டுக் கூரை சரிந்துவிட்டது. சரிந்து கிடந்த கூரை ஓடுகளுக்கு மேலே, சாக்ஸன் பெண்கள் மேலாடையில் குத்துகிற மாதிரி ஊசி ஒன்று கிடந்திருக்கிறது. இடிந்த வீட்டுக்குள் யாரோ ஒருத்தி ஏறி இறங்கியிருக்கிறாள், ஊசி கழன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கியதற்கு லண்டனில் இத்தனை சிறிய சாட்சி வேறு கிடையாது. வழிகாட்டி தானாகச் சொல்லாவிட்டால் கேளுங்கள், அவர்களுக்கும் இதைச் சொல்வதில் ஆசைதான்.

பக்கத்திலேயே செயின்ட் மேக்னஸ் தேவாலயம். அதன் வாசல் மண்டபத்தில் ஒரு பெரிய கருத்த மரக்கட்டை நிற்கிறது, ரோமானியப் படகுத்துறையிலிருந்து எடுத்தது. ரெண்டு நிமிட வேலை.

கீழே ஆற்றுமணலில் சிலர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நாமும் இறங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தேம்ஸ் கரையில் பொருள் தேடவோ எடுக்கவோ துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், ஓட்டுத் துண்டு ஒன்றைப் பைக்குள் போட்டாலும் தப்புத்தான். அலையேற்றமும் வேகமாக வரும்.

லெடன்ஹால் மார்க்கெட்

கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட்டில் மேலே ஏறினால் வரும். இந்த இடத்தில் வேகமாகப் போய்விடலாம், ஏனென்றால் பார்க்கக் கிடைப்பது விக்டோரியா காலத்து அழகான கூரைதான், ரோமானியது எல்லாம் கீழே. லண்டினியத்தின் பொதுச் சதுக்கமும் அதன் நீதிமண்டபமும் இங்கேதான் இருந்தன, அந்த மண்டபத்தைவிடப் பெரியது ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே எங்கும் இல்லை என்பார்கள். அதன் தூண் ஒன்றின் அடி, தெருமுனையிலுள்ள ஒரு முடிதிருத்தும் கடையின் அடித்தளத்தில் இருக்கிறது. கடை திறந்திருந்து அவர்கள் மனம் வைத்தால் பார்க்கலாம், வற்புறுத்தவேண்டாம். 2025 பிப்ரவரியில் இன்னொரு செய்தி வந்தது: கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட் 85ஆம் எண்ணுக்கு அடியில், இதற்கும் முந்தைய, 78-84 வாக்கில் கட்டிய முதல் மண்டபத்தின் சுவர்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே வரப்போகும் புதிய கட்டடத்துக்குள் மக்கள் பார்க்கும்படி வைப்பதாகத் திட்டம். இன்னும் சில வருடம் கழித்து வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மித்ரேயம்

பேங்க் சந்திப்பைத் தாண்டி வால்ப்ரூக் தெருவுக்கு வாருங்கள். வால்ப்ரூக் என்பது இந்த இடத்தில் ஓடிய ஓடை, இப்போது மண்ணுக்குள் மறைந்துவிட்டது. அந்த ஈரச் சேறுதான் இங்கே தோல் செருப்பு, மரச்சாமான் எல்லாம் மக்கிப்போகாமல் காப்பாற்றியது.

1954இல் குண்டுவீச்சில் இடிந்த மனையைத் தோண்டிக்கொண்டிருந்தார் கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர். தோண்டல் முடியவேண்டிய கடைசி நாளன்று, மித்ரஸ் என்ற தெய்வத்தின் பளிங்குத் தலை வெளிப்பட்டது. பத்திரிகையில் படம் வந்ததும் லட்சக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்று பார்த்தது, விவகாரம் மந்திரிசபை வரை போனது. பிறகு கோயிலைப் பெயர்த்தெடுத்து 1962இல் வேறோர் இடத்தில், தெரு மட்டத்தில், சிமெண்ட் பூசி அரைகுறையாக அடுக்கி வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் குறை சொன்னார்கள், நியாயமான குறைதான். புளூம்பெர்க் நிறுவனத்தின் தலைமையகம் கட்டும்போது மறுபடி பிரித்து, 2017இல் பழைய இடத்துக்கு அருகிலேயே, பழைய ஆழத்திலேயே, தெருவுக்கு 7 மீட்டர் கீழே வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் முதலில் கண்ணாடிச் சுவரில் நூற்றுக்கணக்கான பொருட்கள். இதில் அவசரப்படாதீர்கள். கையில் ஒரு டேப்லெட் தருவார்கள், எது என்ன என்று அதில் பார்க்கலாம். இந்த மனையில் கிடைத்தவற்றில் விலைமதிப்பில்லாதவை மெழுகு பூசி எழுதுகிற மரப்பலகைகள், 405 கிடைத்தன. மெழுகு போய்விட்டது, ஆனால் எழுத்தாணி மரத்தில் விட்ட கீறலை வைத்துப் படித்துவிட்டார்கள். ஒன்றில் தேதியே இருக்கிறது: கி.பி. 57 ஜனவரி 8. டிபுல்லஸ் என்பவன், விற்றுக் கொடுத்த சரக்குக்காக கிராட்டஸ் என்பவனுக்கு 105 தினாரியஸ் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். இருவருமே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஊர் பிறந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் புரோநோட்டு.

கீழே கோயிலில் இருட்டு, மூடுபனி, மந்திர ஓசை, ஒளியால் எழுப்பிய தூண்கள் என்று ஒரு காட்சி ஓடும். நிறையப் பேருக்குப் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தோன்றும். காட்சி முடிந்து விளக்குப் போட்டதும் மற்றவர்கள் வெளியேறுவார்கள், நீங்கள் உடனே கிளம்பாமல் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோயில் கி.பி. 240 வாக்கில் கட்டியது, நீளவாட்டமான சிறிய இடம், ஆண்கள் மட்டும் கூடிய ரகசிய வழிபாடு. லிஃப்ட் இருக்கிறது, தள்ளுவண்டியோடும் சக்கர நாற்காலியோடும் வருகிறவர்களுக்கு இந்த நடையிலேயே வசதியான இடம் இதுதான். கழிவறையும் உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள், அடுத்து கில்ட்ஹாலில்தான்.

கில்ட்ஹால்

கட்டடத்துக்குள் போகும் முன் முற்றத்தின் தரையைப் பாருங்கள். கல்பாவிய தரையில் ஒரு கறுப்புக் கோடு வளைந்து போகும். அந்தக் கோட்டின் மேலேயே நடந்து ஒரு சுற்று வந்தீர்களானால் லண்டினியத்தின் அரங்கத்தைச் சுற்றிவந்ததாகக் கணக்கு, கோடு அரங்கத்தின் எல்லையைக் குறிக்கிறது. சுமார் 7,000 பேர் உட்கார்ந்து வாள்வீரர் சண்டையும் மிருகவேட்டையும் பார்த்த இடம். முற்றத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

1988இல் கலைக்கூடம் கட்டத் தோண்டியபோது அகப்பட்டது. உள்ளே நிலவறையில் கிழக்கு வாயிலின் சுவர்களும், கண்ணாடிக்கு அடியில் மரத்தாலான வடிகாலும் இருக்கின்றன. அந்த வடிகாலைக் குனிந்து பாருங்கள்: பலகைகள் மூட்டு விலகாமல், இன்றைக்கும் தச்சனின் வேலை தெரிகிற மாதிரி. பச்சை ஒளியில் வரைந்த ஆள் உருவங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நோபிள் ஸ்ட்ரீட், அப்புறம் கார் பார்க்கிங்

கிரெஷாம் ஸ்ட்ரீட்டில் மேற்கே போய் வலதுபக்கம் திரும்பினால் நோபிள் ஸ்ட்ரீட். தெருவோரக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தால் நீளமான பள்ளம், அதில் சுவர். 1940 டிசம்பர் 29ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்கள் இந்த வட்டாரத்தையே எரித்தன. மேலே இருந்த கட்டடங்கள் போனதால்தான் அடியில் இருந்தது தெரிந்தது. இதில் ஒரு விசேஷம் உண்டு. நகரச் சுவருக்கும் முன்பே, 120 வாக்கில், இங்கே படைவீரர்களுக்கு ஒரு கோட்டை இருந்தது. பிற்பாடு நகரச் சுவர் கட்டும்போது கோட்டைச் சுவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அது ஒல்லி, ஆகவே உட்புறமாக இன்னொரு சுவரை ஒட்டவைத்துத் தடிமனாக்கினார்கள். ஆக, பள்ளத்தில் இரண்டு சுவர் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். வெளிச்சம் போவதற்குள் வந்துவிடுங்கள்.

கடைசியாக லண்டன் வால் தெருவுக்கு அடியிலுள்ள கார் பார்க்கிங். நடந்துபோகிறவர்களும் இறங்கலாம். 52ஆம் எண் இடத்தைத் தேடிக்கொண்டு ஓரமாகப் போங்கள், வண்டிகள் வரும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இரண்டு காருக்கு நடுவே, டியூப்லைட் வெளிச்சத்தில், பெட்ரோல் வாசனைக்கிடையே, டவர் ஹில்லில் பார்த்த அதே சாம்பல் கல், அதே சிவப்பு ஓடு. விளக்கம் சொல்ல ஆள் இல்லை, வரிசை இல்லை. இந்த ஊர் தன் பழமையை எப்படி வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் மித்ரேயத்துக்கு அல்ல, இங்கேதான் கூட்டிக்கொண்டு வருவேன்.

இன்னும் தெம்பு இருந்தால் மேலே வந்து செயின்ட் அல்ஃபேஜ் தோட்டத்திலும் பார்பிகன் குளத்தோரத்திலும் இருக்கிற துண்டுகளைப் பார்க்கலாம், இல்லையென்றால் நஷ்டமில்லை. மூர்கேட், பார்பிகன், செயின்ட் பால்ஸ் மூன்றில் எது கிட்டமோ அதில் ரயில் ஏறுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால்

பிரிட்டிஷ் மியூசியத்தில் 49ஆம் அறை. கிளாசிசியானஸின் அசல் கல் அங்கேதான். அதோடு ஹாக்ஸ்னி புதையலின் மிளகுச் சிமிழ்களையும் பாருங்கள். 1992இல் சஃபோக்கில் ஒரு வயலில் கிடைத்த புதையல் அது. ஒரு சிமிழ் அலங்காரம் செய்துகொண்ட ஒரு சீமாட்டியின் உருவம், அடியில் திருகு மாதிரி ஒரு தட்டு: ஒரு பக்கம் திருப்பினால் மிளகு நிரப்பலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம், மூன்றாவது நிலையில் மூடிக்கொள்ளும். அந்த மிளகு நம் பக்கத்துச் சரக்கு. யவனர் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது, அந்த வியாபாரத்தின் மறுமுனையைத்தான் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறீர்கள்.

நுழைவு இலவசம், வாசலில் பையைச் சோதிப்பார்கள், பெரிய பெட்டியோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 8.30 வரை திறந்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் பள்ளிக்கூடக் கூட்டமெல்லாம் போயிருக்கும், சிமிழுக்கு முன்னால் இடம் கிடைக்கும்.